அட்மின் 47 மணி நேரம் உழைத்தார்

கணினி சர்வீஸுக்குப் போன இடத்தில் முதலாளி கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினால் விஷயம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஏதோ ஒரு ஃபோல்டரை யாருக்கும் தெரியாமல் அழிக்க வேண்டும். அல்லது ஆட்களை யாருக்கும் தெரியாமல் பார்க்க வேண்டும். மதுரை மேலமாசி வீதிப் பக்கம், பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் ஆடிட்டர் சார் கதவைச் சாத்தியபோது முதலாவதுதான் என்று நினைத்தேன். மார்ச் மாதம் வேறு.

"தம்பி, நான் பாதி நாள் வெளிய சுத்துறேன். இவங்க இங்க என்ன பண்றாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வேலை முடிஞ்சிருக்கான்னு பாத்தாத் தெரிஞ்சிரும்ல சார்."

இப்படியெல்லாம் பதில் சொல்கிறவனுக்கு எப்படி தொழில் நடக்கிறது என்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு போனை நீட்டினார். அதில் ஒரு விளம்பரப் படம் ஓடியது. கண்காணிப்பு மென்பொருளாம். எல்லாத் திரைகளையும் போனிலேயே பார்க்கலாம். யார் எந்தத் தளத்துக்குப் போனார்கள், எத்தனை எழுத்து தட்டினார்கள், எத்தனை நிமிடம் சும்மா இருந்தார்கள் என்று கணக்கு வந்துவிடும். சாயங்காலம் ஆளுக்கு ஒரு மார்க்கும் போட்டுக் கொடுக்கும். "மறைஞ்சிருந்தும் ஓடுமாம்ப்பா. ஸ்டெல்த் மோடு." அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் ஒரு குழைவு.

அவரைக் குறை சொல்லவும் முடியாது; இந்த ஆசை பழையது. நியூயார்க் மாநிலத்தில் ஆபர்ன் என்ற ஊரில் வில்லர்ட் பண்டி என்று ஒரு நகைக்கடைக்காரர் இருந்தார். 1888இல் அவர் ஒரு கடிகாரம் செய்தார். தொழிலாளி ஒவ்வொருவருக்கும் எண் போட்ட சாவி. வந்ததும் சாவியைச் செருகித் திருப்பினால் ஆள் எண்ணும் நேரமும் காகிதத்தில் பதிவாகும். அவருடைய கம்பெனி வேறு சில கம்பெனிகளோடு சேர்ந்து, 1911இல் இன்னும் பெரிதாகச் சேர்ந்து, 1924இல் பெயர் மாற்றிக்கொண்டது. அந்தப் பெயர்தான் ஐபிஎம். கணினி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அதன் குடும்பத் தொழில், ஆள் வந்தானா என்று பார்ப்பதுதான். இப்போது வந்தவன் உட்கார்ந்தானா என்றும் பார்க்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கணினியிலும் 'ஏஜென்ட்' என்று ஒரு குட்டி புரோகிராம் உட்காரும். முன்னால் திறந்திருக்கும் ஜன்னல் எது, அதன் தலைப்பு என்ன என்று நொடிக்கு நொடி விண்டோஸிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளும். கீபோர்டோ மவுஸோ அசைந்ததா என்று பார்க்கும். சில நிமிடம் அசையவில்லை என்றால் 'ஐடில்' என்று எழுதிவிடும். அவ்வளவுதான் அதன் மொத்த அறிவு. மனுஷன் கன்னத்தில் கை வைத்து ஒரு பேலன்ஸ் ஷீட் ஏன் டேலி ஆகவில்லை என்று யோசித்தால் அது ஐடில். கன்னத்திலிருந்து கையை எடுத்து மவுஸை ஆட்டினால் உழைப்பு.

எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ஆறு கணினிகளிலும் போட்டேன். முதல் எதிரி ஆன்டிவைரஸ். அதன் பக்கம் நியாயம் இருக்கிறது. தட்டும் எழுத்தைப் பதிவு செய்கிறது, திரையைப் படம் பிடிக்கிறது, தான் இருப்பதையே காட்டிக்கொள்ளாமல் எல்லாவற்றையும் வெளியே அனுப்புகிறது. இதையெல்லாம் செய்கிறவனைப் பிடிப்பதற்குத்தான் அதற்கு வருடா வருடம் பணம் கட்டுகிறோம். அதனிடம் போய், இவன் நம்ம ஆள், கண்டுகொள்ளாதே என்று விலக்குப் பட்டியலில் பெயர் எழுத வேண்டும். எழுதினேன். தலையாட்டியது. ராத்திரியோடு ராத்திரியாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. மறுநாள் காலை ஹெட் கிளார்க் அக்காவின் திரையில், வலது மூலையில், சிவப்பு நிறத்தில் ஒரு பெட்டி குதித்து எழுந்தது: கீலாகர் பிடிபட்டது.

அக்கா இருபது வருஷத்துக்கு மேல் அந்த ஆபீஸில் இருப்பவர். சாரின் மூக்குக்கண்ணாடி எங்கே இருக்கிறது என்பது முதல் எந்தக் கட்சிக்காரர் எந்த வருஷம் பில்லைத் தொலைத்தார் என்பது வரை அவருக்குத்தான் தெரியும். "சார், நான் என்ன டைப் பண்றேன்னு யாரோ ஒளிஞ்சிருந்து பாக்குறாங்களாம்!" என்று கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தார். சார் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டெல்த் மோடு மதியச் சாப்பாட்டைக்கூடப் பார்க்கவில்லை.

சொல்லிவிட்டே வைக்கலாமே என்று நான் முன்னமே சொல்லியிருந்தேன். 2023ஆம் ஆண்டு வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான சில காரியங்களுக்கு ஊழியரின் ஒப்புதல் இல்லாமலே அவருடைய தரவைக் கையாள முதலாளிக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அக்காவின் ஒப்புதல் இல்லாமல் அந்த ஆபீஸில் எதையாவது கையாள இடம் கொடுக்கும் சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை. கடைசியில் சார் எல்லோரையும் கூப்பிட்டு, "இது கிளையண்ட் டேட்டா பாதுகாப்புக்காக" என்றார். எல்லோரும் நம்பியதாகத் தலையை ஆட்டினார்கள்.

முதல் அறிக்கை வந்தது. 'அட்மின்' என்பவர் ஒரே நாளில் 47 மணி நேரம் உழைத்திருந்தார்.

"யாருப்பா இந்த அட்மின்? நம்மகிட்ட சம்பளம் வாங்குறாரா?"

ஆறு கணினியையும் விற்ற கடைக்காரர் ஆறிலும் 'அட்மின்' என்றே பயனர் பெயர் வைத்துக் கொடுத்திருந்தார். பாஸ்வேர்டும் ஆறுக்கும் ஒன்றே. தமிழ்நாட்டுச் சின்ன ஆபீஸ்களில் பாதிக்கு மேல் இந்த அட்மின்தான் வேலை பார்க்கிறார் என்பது என் எண்ணம். ஆளுக்கொரு பெயர் போட்டுப் பிரித்தேன். ஒரே கணினியை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இரண்டு ஆர்ட்டிகிள் பசங்களைத்தான், அதாவது சி.ஏ. பயிற்சியில் இருப்பவர்களைத்தான், பிரிக்க முடியவில்லை. ஒருவன் லாக் அவுட் செய்ய மறந்தால் இன்னொருவனின் உழைப்பும் இவன் கணக்கில் ஏறியது. அதில் இருவருக்குமே ஆட்சேபம் இல்லை.

அடுத்த அறிக்கையைப் பார்த்துச் சார் நெகிழ்ந்துவிட்டார். அக்கா விடியற்காலை 4:30க்கு வேலையைத் தொடங்கியிருந்தார். நெகிழ்ச்சி இரண்டாம் பக்கம் வரைதான் தாங்கியது. பகல் 1:30க்கு மொத்த ஆபீஸும் கிளம்பிப் போயிருந்தது. மென்பொருளைச் செய்தவர்கள் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைத்து அனுப்பியிருந்தார்கள். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். காலை பத்து மணி அங்கே நாலரை. அமைப்பில் ஒரு வரியை மாற்றியதும் அக்கா மறுபடி பத்து மணிக்கு வர ஆரம்பித்தார்.

அதற்குள் மூலைக் கணினி மட்டும் வாயை மூடிக்கொண்டது. அதன் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்துப்போயிருந்தது. மூன்று வோல்ட், ஒரு நாணயம் அளவு. அது போனால் மெயின் ஸ்விட்சை அணைத்து எழுப்பும்போதெல்லாம் கணினிக்குத் தேதி மறந்துவிடும். இந்தக் கணினி தினமும் 2009ஆம் வருஷம் ஜனவரி ஒன்றாம் தேதி கண் விழித்தது. மென்பொருள் நிறுவனத்தின் சர்வர் தன் சான்றிதழைக் காட்டும். அதன் தொடக்கத் தேதியைப் பார்த்துவிட்டு, நீ இன்னும் பிறக்கவே இல்லையே என்று இது கதவைச் சாத்திவிடும். பேட்டரியை மாற்றியதும், அதுவரை உள்ளே சேர்த்து வைத்திருந்த பதிவுகளையெல்லாம் ஒரே மூச்சில் அனுப்பியது. அவற்றின்படி அங்கே உட்காரும் ஆர்ட்டிகிள் பையன் 2009 ஜனவரியில் மூன்று கம்பெனிகளின் கொள்முதல் பில்களைச் சரிபார்த்திருக்கிறான். அப்போது அவன் எல்கேஜி.

இதெல்லாம் சரிசெய்யக்கூடிய கோளாறு. சரிசெய்ய முடியாதது மார்க். எந்த மென்பொருள் பயனுள்ளது, எது பயனற்றது என்று பட்டியலை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார்கள். எக்செல் பயனுள்ளது. கணக்கு மென்பொருளான டேலி அவர்கள் கேள்விப்படாதது, ஆகவே 'வகையற்றது'. வாட்ஸ்அப் பயனற்றது. மதுரையில் பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, சிமென்ட் ஏஜென்சி எல்லோரும் பில்லை அனுப்புவது வாட்ஸ்அப்பில்தான். அதிலும் பாதி தலைகீழாக எடுத்த போட்டோ. அதைத் திருப்பிப் படித்து டேலியில் ஏற்றினால், பயனற்றதிலிருந்து வகையற்றதுக்குப் போனதாக அறிக்கை சொல்லும்.

20ஆம் தேதி இன்னும் மோசம். ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாள். எல்லாம் தயார், ஓடிபி மட்டும் வர வேண்டும். அது கட்சிக்காரரின் போனுக்குப் போகும். கட்சிக்காரர் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருப்பார். "அண்ணே, ஓடிபி வந்துச்சா? வந்த நம்பரைச் சொல்லுங்கண்ணே. இல்லண்ணே, அது பேங்க் மெசேஜ். அதுக்கு மேல பாருங்க. மேளச் சத்தமா இருக்கு, கொஞ்சம் வெளிய வாங்கண்ணே." அக்கா காதில் போனும் கண்ணில் திரையுமாக நிற்பார். நம்பரைச் சொல்லி முடிப்பதற்குள் அது காலாவதியாகிவிடும். மறுபடி முதலிலிருந்து. அன்றைக்கு அந்த ஆபீஸில் அக்காவைவிட யாரும் வியர்க்கவில்லை. அறிக்கையில் 38 சதவீதம், பெரும்பகுதி ஐடில்.

ஒரு ஆர்ட்டிகிள் பையனுக்கு 94. எக்செல் ஷீட்டில் 10,48,576 வரிசைகள் உண்டு. வெற்று ஷீட்டைத் திறந்து கீழ் அம்புக்குறி மேல் ஸ்டேப்ளரை வைத்துவிட்டால் கர்சர் இறங்கிக்கொண்டே இருக்கும். மென்பொருளின் கணக்கில் அவன் எக்செல்லில், இடைவிடாமல், பயனுள்ளபடி உழைக்கிறான். இன்னொருவன் முள் கடிகாரத்தைக் கழற்றி மவுஸுக்கு அடியில் வைத்தான். ஆப்டிகல் மவுஸ் அடியில் இருக்கும் பரப்பை ஓயாமல் படம் எடுத்து ஒப்பிட்டுத்தான் நகர்வதைக் கண்டுபிடிக்கிறது. நொடிமுள் நகர்ந்தால் தானே நகர்ந்ததாக எண்ணிக்கொள்ளும். அவன் அப்பாவின் பழைய கடிகாரம் திடீரென்று அந்த ஆபீஸில் மரியாதை பெற்றது.

இது மேலமாசி வீதியின் கண்டுபிடிப்பு என்று பெருமைப்பட முடியாது. அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டில் வேலை செய்வதுபோலப் பாவனை காட்டியதாகச் சொல்லி பன்னிரண்டுக்கு மேற்பட்டோரை வேலையைவிட்டு அனுப்பியது 2024இல் செய்தியானது. லண்டனில் பார்க்லேஸ் வங்கி 2020இல் இப்படியொரு மென்பொருளை வைத்துப் பார்த்து, ஊழியர்களின் எதிர்ப்பு கிளம்பியதும் தனித்தனி ஆளாகப் பார்ப்பதைக் கைவிட்டது. அங்கே அதற்குச் செய்தித்தாள் தேவைப்பட்டது. இங்கே அக்கா ஒரு நாள் டீ சொல்லாமல் இருந்ததே போதுமானதாக இருந்தது. சதவீதத்தைப் பற்றிய பேச்சைச் சார் அன்றோடு நிறுத்தினார்.

ஆனால் படங்களை விடவில்லை. கட்சிக்காரர்களின் கணக்கு தெரியும் என்பதால் அவற்றை மட்டும் வெளியே அனுப்பாமல் ஆபீஸ் சர்வரிலேயே சேமித்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று நான் வைத்திருந்ததை அவரே உள்ளே போய் நிமிடத்துக்கு ஒன்றாக்கினார். ஆறு கணினி, ஒன்பது மணி நேரம்: நாளுக்கு 3,240 படங்கள். ஒரு படம் கால் எம்பி என்றாலும் மாதம் 20 ஜிபியைத் தாண்டும். பார்க்க உட்கார்ந்தவர் நிமிர்ந்து என்னைக் கேட்டார்: "எல்லாப் படத்துலயும் கீழ மூலையில என்னமோ எழுதியிருக்கே?"

விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள் என்று எழுதியிருந்தது. உரிமம் வாங்காத விண்டோஸ் திரையில் பதிக்கும் முத்திரை. தேதி, நேரம், பயனர் பெயர் சகிதமாக, ஆடிட்டர் ஆபீஸ் தனக்கு எதிராகத் தானே நாளுக்கு மூவாயிரத்துச் சொச்சம் சாட்சியம் தயாரித்துக்கொண்டிருந்தது. சார் அன்றைக்கே ஆறு உரிமங்கள் வாங்கச் சொன்னார். அந்த மென்பொருளால் பிடிபட்ட குற்றம் அது ஒன்றுதான்.

பிறகு சர்வரில் இடம் தீர்ந்தது. டேலி பேக்கப் பாதியில் நின்றது. பழைய படங்களை அழித்து, மறுபடி ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக வைத்துவிட்டு வந்தேன். இனி யாரும் அதைத் தேடப்போவதில்லை, வருஷச் சந்தா முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் நானும் சாரும் பேசிக்கொண்டோம்.

ஆனால் ஒரு நாள், ஒரு ஜவுளிக் கடையின் இருப்புப் பட்டியலை அக்கா காலையிலிருந்து அடித்து, பொது ஃபோல்டரில் சேமித்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். அந்த நேரத்தில் ஸ்டேப்ளர் பையன் தன்னுடைய வெற்று ஷீட்டை அதே பெயரில், அதே ஃபோல்டரில் சேமித்துவிட்டான். மேலே எழுதட்டுமா என்று எக்செல் கேட்டது; ஆமாம் என்று சொல்லியிருக்கிறான். என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் அக்கா சாரின் நாற்காலியில் உட்கார்ந்து, கண்காணிப்புப் படங்களைத் திறந்து, தன் திரையைத் தானே பார்த்து ஒவ்வொரு வரியாக மறுபடி அடித்துக்கொண்டிருந்தார். வேட்டி, சட்டைத் துணி, பாவாடை என்று எல்லாம் படத்தில் தெளிவாக இருந்தது. சார் எதிரே வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தம்பி, யார் இதை அஞ்சு நிமிஷமாக்குனது?" என்றார் அக்கா திரும்பாமலே. "அஞ்சு நிமிஷத்துல நான் நாப்பது வரி அடிச்சிருவேன். நடுவுல உள்ளது விட்டுப்போகுதுல்ல. பழையபடி நிமிஷத்துக்கு ஒண்ணா வைங்க."

"இடம் பத்தாதுக்கா. பெரிய ஹார்ட் டிஸ்க் போடணும்."

அக்கா சாரைப் பார்த்தார். சார் செக் புத்தகத்தை எடுத்தார்.