துண்டுக்கு வெளியே இரண்டு விரல்

வியாழக்கிழமை விடியக்காலை அய்யலூர் ஆட்டுச் சந்தையில் போய் நின்று பாருங்கள். வாய் பேசுவதைவிடத் துண்டு பேசுவதுதான் அதிகம். விற்கிறவர் கையும் தரகர் கையும் ஒரே துண்டுக்குள் போகும். உள்ளே விரலைப் பிடிப்பதும் மடக்குவதும் திருகுவதுமாக விலை ஓடும். விலைபோகிற கிடாவுக்கே விலை தெரியாது. வெளியே இரண்டு முகங்களிலும் குடும்பமே மூழ்கிவிட்ட பாவனை.

ஒருநாள் பேரம் முறிந்து ஒரு தரகர் கையை வெடுக்கென்று இழுத்தார். உள்ளே நீட்டிய இரண்டு விரலும் நீட்டியபடியே வெளியே வந்துவிட்டன. டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர் விடவில்லை. "ஏம்ப்பா, இன்னும் வாத்தியாருக்குத்தான் ஓட்டுக் கேக்குறியா?"

இந்த வட்டாரத்தில் இரண்டு விரலைச் சும்மா நீட்ட முடியாது. அந்தப் பாக்கியத்தை நமக்கு வாங்கித் தந்தவர் ஒரு வக்கீல். பெயர் கே. மாயத்தேவர்.

அவர் அதை வாங்கித் தந்த காலத்தில் திண்டுக்கல் மாவட்டமே பிறக்கவில்லை. அது 1985-ல்தான். அய்யலூரும் மதுரை ஜில்லாதான். கோட்டையில் தி.மு.க. 1971-ல் 234-க்கு 184 இடங்களை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்து வாத்தியார் எம்.ஜி.ஆர். கட்சியில் கணக்குக் கேட்டார். எந்தச் சங்கமாக இருந்தாலும், கணக்குக் கேட்கிற உறுப்பினரை என்ன செய்வார்களோ அதையே அங்கேயும் செய்தார்கள். 1972 அக்டோபர் 17-ல் அவர் தனிக்கடை போட்டார். நடிகருக்குப் படம் நூறு நாள் ஓடும், கட்சி ஓடுமா என்று விவரம் தெரிந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். விவரம் தெரிந்தவர்களுக்கு எந்தக் காலத்திலும் இதே வேலைதான்.

திண்டுக்கல் தி.மு.க. எம்.பி. ராஜாங்கம் காலமானதால் 1973 மே 20-ல் இடைத்தேர்தல் வந்தது. பிறந்து ஏழு மாதமான கட்சி. தவழ வேண்டிய பிள்ளையைக் கொண்டுபோய் ஜல்லிக்கட்டில் இறக்கிய மாதிரி. வேட்பாளர் மாயத்தேவர். கட்சிக்கு அங்கீகாரம் கிடையாது, ஆகவே சொந்தச் சின்னமும் கிடையாது. சுயேச்சைகளுக்கு என்று மீந்து கிடக்கிற சின்னங்களில் ஒன்றைப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அவர் பொறுக்கியது இரட்டை இலை. இரண்டாம் உலகப் போரில் சர்ச்சில் இரண்டு விரலைக் காட்டினார், ஜெயித்தார். நாமும் காட்டினால் இலையும் ஆச்சு, வெற்றியும் ஆச்சு என்று அவர் கணக்குப் போட்டதாகச் சொல்வார்கள். சர்ச்சிலுக்கு இது தெரிந்திருந்தால் சுருட்டைக் கீழே போட்டிருப்பார். திராவிட இயக்கத்தைக் கண்டு அல்ல. தன் விரலை வைத்து வெற்றிலைக் கொடிக்கால் காட்டில் ஓட்டுக் கேட்கிறார்கள் என்பதைக் கண்டு.

எனக்கென்னவோ இதில் பெரிய லாபம் சுவர் எழுதுகிறவருக்குத்தான் என்று படுகிறது. உதயசூரியனுக்கு மலை வேண்டும், கதிர் வேண்டும், அளவு தப்பினால் பொரித்த அப்பளமாகிவிடும். இலை அப்படியல்ல. பச்சை டப்பா ஒன்று, இழுப்பு இரண்டு. கோணலாக வந்தால் காற்றில் ஆடுகிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்தச் சமயத்தில் மதுரையில் ஒரு சேலைப் பிரச்சினை எழுந்தது. எம்.ஜி.ஆர். சொந்தமாக எடுத்த 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளிவந்தால் நான் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று தி.மு.க. மேயர் மதுரை முத்து சவால் விட்டார் என்பது அந்தக் காலத்து ஊர்ப்பேச்சு. படம் மே 11-ல் வந்தது. ஓட்டுப் பதிவுக்குச் சரியாக ஒன்பது நாள் முந்தி. படத்தில் ஜப்பானைப் பார்த்துவிட்டு வந்த கையோடு ஜனங்கள் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். சுங்குடிச் சேலைக்குப் பேர்போன சின்னாளபட்டி பக்கத்திலேயே இருந்தும் முத்து சேலை கட்டவில்லை. அதைவிடப் பெரிய காரியம் செய்தார்: பிற்பாடு எம்.ஜி.ஆர். கட்சியிலேயே சேர்ந்துவிட்டார்.

பெட்டியைத் திறந்தார்கள். மாயத்தேவருக்குச் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம். இரண்டாவதாக வந்தவர் காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ் வேட்பாளர் என்.எஸ்.வி. சித்தன், 1 லட்சத்து 19 ஆயிரம். கோட்டையில் இருந்த கட்சிக்கு 93 ஆயிரத்துச் சொச்சம், மூன்றாம் இடம். டில்லியில் இருந்த இந்திரா காந்தியின் காங்கிரசுக்கு 11 ஆயிரத்துச் சொச்சம், டெபாசிட்டும் போயிற்று. சித்தனைப் பற்றி ஒரு வார்த்தை. மனிதர் அசரவில்லை. 23 வருஷம் பொறுத்து 1996-ல் அதே திண்டுக்கல்லுக்கு எம்.பி. ஆனார். பேரம் படியாவிட்டால் ஆட்டை வீட்டுக்கு ஓட்டிப்போய்த் தீனி போட்டு மறுபடி சந்தைக்குக் கொண்டுவருகிற ரகம்.

மாயத்தேவர் கதைக்கு வருவோம். 1977-ல் அதே ஊர், அதே இலை, மறுபடி வெற்றி. கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக ஒரு சிலை வைத்து, காக்கைக்கு விட்டிருக்கலாம். 1980 ஜனவரியில் திண்டுக்கல் தி.மு.க. வேட்பாளர் பெயரைப் பார்த்த ஊர்க்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி படித்தார்கள். கே. மாயத்தேவர்!

அந்தப் பிரசாரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏழு வருஷமாக ஊர் ஊராகப் போய், இரண்டு விரலைக் காட்டினால் என் முகம் ஞாபகம் வர வேண்டும் என்று பழக்கி வைத்திருக்கிறார். இப்போது ஜீப்பில் ஏறி ஐந்து விரலையும் விரித்துச் சூரியக்கதிர் காட்ட வேண்டும். எதிரே பச்சைப் பெயிண்டில் சிரிப்பது அவரே பெற்ற பிள்ளை. அதற்குப் போடாதே என்று அவரே சொல்ல வேண்டும். எந்த நாடகக் கம்பெனியும் ஒரே ஆளுக்கு இப்படி இரட்டை வேஷம் கொடுத்ததில்லை.

அப்படியும் ஜெயித்தார்! அந்தத் தேர்தலில் இரட்டை இலைக்குத் தமிழ்நாட்டில் மொத்தமே இரண்டு இடம்தான், கோபியும் சிவகாசியும். இலைக்கு ஒன்று என்று யாரோ எண்ணிக் கொடுத்த மாதிரி.

இதைக் கேட்டுத் தமிழ்நாட்டு அரசியலைத் திட்ட வாயெடுப்பவர்கள் அயர்லாந்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். அங்கேயும் சின் ஃபெயின் என்று ஒரு கட்சி 1922-ல் ஓர் ஒப்பந்தத்தை வைத்துப் பிளந்தது. பங்காளிகள் உள்நாட்டுப் போரே நடத்தினார்கள். அந்த இரண்டு கிளையின் வாரிசுகளும், ஃபியன்னா ஃபாயில், ஃபினே கேல் என்று, மாறி மாறி ஆண்டு முறைத்துக்கொண்டிருந்து, 2020-ல் ஒரே மந்திரிசபையில் உட்கார்ந்தன. அவர்களுக்குக் கிட்டத்தட்ட நூறு வருஷம் பிடித்தது. எங்கள் வக்கீல் ஏழே வருஷத்தில் முடித்துவிட்டார்.

இலையின் தலையெழுத்து அதற்குப் பிறகும் ஓயவில்லை. எம்.ஜி.ஆர். மறைந்து கட்சி உடைந்ததும் முடக்கினார்கள். 1989-ல் ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. ஒரே வீட்டுக்குள் பறவைச் சண்டை. சேவல் 27 இடத்தில் கூவியது. 2017-ல் மறுபடி முடக்கியபோது ஒரு பக்கம் தொப்பி, மறுபக்கம் இரட்டை மின்கம்பம். பத்திரிகைக்காரர்கள் சின்னாளபட்டிக்கு ஓடினார்கள். இலையை முதலில் பொறுக்கிய கிழவர் அங்கேதான் இருந்தார். சூரியனுக்குப் போய்ப் பல காலம் ஆகியும், அவரை யாரும் சூரியனைப் பற்றிக் கேட்கவில்லை. 2022 ஆகஸ்டில் காலமானபோதும் செய்தித் தலைப்பில் இலைதான் முன்னால் வந்தது.

இப்போது எங்கள் ஊர் நிலவரம்: ஆட்டுக்கு அய்யலூர், பூட்டுக்குத் திண்டுக்கல், எம்.பி.க்குக் கரூர். எங்கள் வேடசந்தூர் சட்டமன்றத் தொகுதியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். நாற்கரச் சாலையில் எந்தக் கொடி கட்டிய வண்டியானாலும் வண்டிக் கருப்பணசாமி கோயில் வாசலில் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்கிறது. கருப்பு சின்னம் கேட்பதில்லை.

வெயில் ஏறியதும் சந்தை கலைந்தது. பெஞ்சில் இருந்த பெரியவர் துண்டுப் பேரம் எதுவும் வேண்டாம் என்று வாயாலேயே விலை பேசி, செவலைச் சேவல் ஒன்றை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அது கொத்தவும் பார்த்தது.

"எம்பத்தொம்பதுல உனக்குத்தான்டா ஓட்டுப் போட்டேன், சும்மா இரு" என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, மிளகு வாங்கக் கடைப் பக்கம் திரும்பினார்.