ஏற்றத்தில் நிற்கும் வெஸ்பா

கேள்வி: அப்பாவின் பழைய வெஸ்பாவுக்குப் புது பிஸ்டன், ரிங் போட்டோம். பேராதனை ரவுணுக்குள் நன்றாக ஓடுகிறது. கலஹா வீதி ஏற்றத்தில் சூடேறி நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: பிஸ்டன் புது மாப்பிள்ளை, வந்த உடனேயே மலையேற்றாதீர்கள்! முதல் 500 கிலோமீட்டர் பதமாக ஓட்டுங்கள். நின்றவுடன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி மண்ணிறமென்றால் நலம். கறுத்து ஈரமாயிருந்தால் பெற்றோல் கூடுதல். வெளுத்திருந்தால் மேலே ஓட்டவே வேண்டாம்: காபரேட்டர் கஸ்கெட் வழியாகவோ கிராங் சீல் வழியாகவோ காற்றுப் புகக்கூடும், அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும். எஞ்சின் பிரித்தவர்கள் பழைய சீலையே திரும்பப் போட்டார்களா என்று கட்டாயம் கேளுங்கள். சிலிண்டரைச் சுற்றும் தகட்டு மூடியும் இருக்கவேண்டும். அதில்லாமல் விசிறிக் காற்று சிலிண்டருக்குப் போகாது. ரோட்டரி வால்வு எஞ்சினென்றால் லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லி ஓயில் கலந்தால் போதும்.