விடட்டா, வேண்டாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு ஹோட்டலில் ஆறு வருடமாக வேலை. கிழமைக்கு ஆறு நாள் இருந்ததை மூன்றாகக் குறைத்து, சம்பளத்தையும் பாதியாக்கிவிட்டார்கள். வேலையை விட்டால் அரசாங்கம் உதவிப்பணம் தரும் என்கிறார் டொரன்டோவிலுள்ள அண்ணா. விடட்டா?
- வாசகி, குறிகட்டுவான்

பதில்: அண்ணா சொன்னது சரி, தங்கச்சி. ஆனால் அந்த அரசாங்கம் ஒட்டாவாவில் இருக்கிறது! அங்கே சம்பளத்தில் கழித்து வேலைக் காப்புறுதி நடத்துகிறார்கள். தக்க காரணத்தோடு விலகினால் அதைக் கேட்கவும் இடமுண்டு. இலங்கையில் அப்படியொரு காப்புறுதி இல்லை. இருக்கவேண்டும் என்பேன்.

உங்களுக்குரியது வேறு. ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்ந்திருக்கவேண்டும். பெண்களுக்கு அது 50 வயதில், அல்லது கல்யாணம் கட்டி வேலையை விட்டால் கிடைக்கும். நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் 3 வீதத்தை விலகியதும் கேட்கலாம். ஹோட்டலில் 15 பேராவது வேலை செய்தால், 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடை. ஆறு வருடத்துக்கு மூன்று மாதச் சம்பளம். கவனம்: கணக்குப் பார்ப்பது கடைசிச் சம்பளத்தில். பாதிச் சம்பளத்துக்குப் பேசாமல் இருந்தால் இதுவும் பாதியாகலாம்.

ஆகவே விலகல் கடிதத்துக்கு முதல் ஆட்சேபக் கடிதம் எழுதுங்கள். உங்களைக் கேளாமல் ஒப்பந்தத்தை மாற்ற முதலாளிக்கு உரிமையில்லை. பிறகு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள். நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டுகளும் கையில் இருக்கட்டும்.