கொழுந்துக்கு லீவு இல்லை

2020 மார்ச்சில் கேரள அரசு ஏழாம் வகுப்பு வரை பள்ளிகளை மூடியதும் எங்கள் வீட்டில் இரண்டு பேர் குதித்தார்கள். அடுத்து மூணாறு மாட்டுப்பட்டி அணையில் படகு நின்றது. டூரிஸ்டை நம்பி ஓடிய என் ஜீப்பும் நின்றது. தேயிலைக் கொழுந்து மட்டும் ஊரடங்கை மதிக்காமல் முற்றிக்கொண்டிருந்தது. தோட்டத்துக்கு அனுமதி வந்ததும் மனைவி கிளம்பினாள். "சும்மாதானே இருக்கீங்க, பிள்ளைகளைப் பாத்துக்கோங்க!"

ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குத் தோட்டமே கிரச் வைக்க வேண்டும் என்றது 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம். அதற்கு மேல் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கே பூட்டு விழும் என்று அன்றைக்கு யார் கண்டது?

ஜூன் 1 முதல் விக்டர்ஸ் சேனலில் பாடம். டிவியில் டீச்சர் கேள்வி கேட்டுவிட்டு நிறுத்துவார். இரண்டும் என் முகத்தைப் பார்க்கும். நான் அடுப்பைப் பார்ப்பேன். வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில். வீட்டில் இருந்தது ஒரே போன். சிக்னலோ மேட்டுக்கு மேலே.

அக்டோபரில் சுற்றுலாவைத் திறந்தார்கள், பள்ளியைத் திறக்கவில்லை. "அப்பா, டாப் ஸ்டேஷன் போகணும்னு யாரோ கூப்பிட்டாங்க. கணக்கு கிளாஸ் நடக்குதுன்னு கட் பண்ணிட்டேன்" என்றாள் மகள். வந்து சேர்ந்த டூரிஸ்டுகளும் லேப்டாப்போடு வந்தார்கள். மலையைப் பார்க்கும் முன்பே, "அண்ணே, நெட்வொர்க் எங்க கிடைக்கும்?" என் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த அதே மேட்டுக்குத்தான் அவர்களையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

நான் சவாரி போனால் மனைவி மட்டம் போட வேண்டும். அன்றைய கூலியும் போச்சு, கூடுதலாகப் பறிக்கும் கிலோவுக்கான காசும் போச்சு. அதனால் விடிந்தால் பேச்சுவார்த்தை. 2015இல் தோட்டத்துப் பெண்கள் ஒற்றுமையாக மூணாறை மறித்து இருபது சதவீத போனஸ் வாங்கினார்களே, அந்தக் கூட்டத்தில் நின்றவள் இவள். கம்பெனியே இறங்கி வந்த இடத்தில் ஜீப்காரன் எம்மாத்திரம்?

2021 நவம்பர் 1 அன்று ஒருவழியாகப் பள்ளி திறந்தது. தொகுதி பிரித்து, மதியம் வரை. மகள் ஒரு தொகுதி, மகன் மறு தொகுதி.

"அப்போ இன்னைக்கு யாருக்கு லீவு?" என்றேன்.

சாக்கை மடித்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "ஜீப்புக்கு."