மாடிப்படி தேயுதுலே, பேராண்டி

ஏலே பேராண்டி, மாடி ரூம்ல ஒரு கம்ப்யூட்டர், கீழ ஹால்ல ஒரு லேப்டாப். ரெண்டுக்கும் நடுவுல பென்டிரைவைத் தூக்கிக்கிட்டு நீ ஏறி எறங்குற அழகைப் பாத்தா எனக்குக் கண்ணு நெறைஞ்சு போவுது. ஒங்கம்மைக்கு ஒரு ரசீது பிரிண்டு எடுக்கணும்னாலும் நீதான் ஓடுதே. இஞ்சினியர் படிப்புக்குக் கட்டுன பீஸுல நான் ரெண்டு எருமை வாங்கியிருக்கலாம்.

ஒரே வைஃபைல கெடந்தா ஒண்ணை ஒண்ணு தானாப் பாத்துக்கிடும்னு நெனச்சுட்டே. பாக்காதுலே. விண்டோஸுக்கு இது வீடா பஸ் ஸ்டாண்டான்னு தெரியாது. புது வைஃபைன்னா பெரும்பாலும் 'பப்ளிக்'னுதான் வச்சுக்கிடும், பக்கத்து மெஷின்கிட்ட தன் பேரைக்கூடச் சொல்லாது. செட்டிங்ஸ்ல போயி அதைப் 'பிரைவேட்' ஆக்கு. நெட்வொர்க் டிஸ்கவரி, பைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் ரெண்டையும் ஆன் பண்ணு, ரெண்டு மெஷின்லயும். ஹோம்குரூப்பைக் காணோம்னு அரை நாளாத் தேடுனியே, அதை 2009-ல விண்டோஸ் 7-ஓட கொண்டாந்தவனே 2018-ல விண்டோஸ் 10-ல இருந்து தூக்கிட்டான். எனக்கெப்படித் தெரியும்னு முழிக்காத. சர்வீஸுக்கு வந்த பையன் சொல்லும்போது நீ காதுல ஹெட்போனை மாட்டியிருந்தே, நான் மாட்டல.

அடுத்தது ஒன் தாராள மனசு. ஒரு போல்டரை ஷேர் பண்ணச் சொன்னா, சி டிரைவையே 'எவ்ரிஒன்', 'ஃபுல் கன்ட்ரோல்'னு எழுதிக் குடுத்திருக்கே. ஒங்க பூட்டன் சொத்தைக்கூட இப்படி யாரும் எழுதி வைக்கலடா. 'பொது'ன்னு ஒரே ஒரு போல்டர் போதும். தம்பிக்கு 'ரீட்' மட்டும் குடு, இல்லன்னா கல்யாண போட்டோவெல்லாம் ஒரு நாள் காணாமப் போவும். ஷேரிங்ல ஒரு அனுமதி, செக்யூரிட்டியில ஒரு அனுமதின்னு ரெண்டு இருக்கு. எது கெடுபிடியோ அதுதான் செல்லும். இந்த வீட்டுலயும் அதே சட்டந்தான், ஒங்க ஆச்சியைக் கேளு.

கீழ லேப்டாப்புல ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு மேல உள்ள கம்ப்யூட்டர் பேரை அடி. பாஸ்வேர்டு கேக்கும். நீ நாலு நம்பர் பின்னை அடிச்சிட்டு 'தப்புங்குது'ன்னு கத்துவே. பின்னு அந்தந்த மெஷினுக்கு மட்டுந்தாம்லே. வெளிய இருந்து நுழைய அக்கவுண்ட் பாஸ்வேர்டுதான் வேணும், பாஸ்வேர்டே இல்லாத அக்கவுண்டை உள்ளயே விடாது. அதுக்காக எவனோ வீடியோவுல சொன்னான்னு எஸ்எம்பி 1-ங்கிற பழைய ஷேரிங் முறையை ஆன் பண்ணிக்கிட்டு நிக்காத. 2017 மே மாசம் வான்னாக்ரைங்கிற வைரஸ் அதுல இருந்த ஓட்டை வழியாத்தான் பூந்துச்சு. இங்கிலாந்து ஆஸ்பத்திரியெல்லாம் கம்ப்யூட்டரை மூடி வச்சிட்டு பேப்பர்ல எழுதுனான்.

பிரிண்டரைத்தான் நீ ரொம்பப் பாடுபடுத்துதே. யூஎஸ்பி வயர்ல மாடிக் கம்ப்யூட்டரோட மாட்டி ஷேர் பண்ணுனா, அது தூங்குனா பிரிண்டரும் தூங்கும். ஒங்கம்மை கீழ இருந்து பத்து தடவை 'பிரிண்டு' அமுக்குவா. நீ ராத்திரி வந்து கம்ப்யூட்டரை எழுப்புனா பத்து ரசீதும் வரிசையா வரும், மை ஒன் காசு. அந்தப் பிரிண்டர்லயே வைஃபை இருக்குலே, டப்பா மேல படம் போட்டிருக்கான். நேரா ரூட்டர்ல சேத்துவிடு. கரண்டு போய் வந்தா அட்ரஸ் மாறி 'ஆஃப்லைன்'னு நிக்காம இருக்க, ரூட்டர்ல அதுக்குன்னு ஒரு அட்ரஸை ஒதுக்கி வை. பொறவு ரெண்டு மெஷின்லயும் தனித்தனியா அதைச் சேரு. ஒன் வீட்டுப் பிரிண்டருக்கு ஷேரிங்கே வேண்டாம்.