பிளந்த விசைப்பலகையில் உயிரும் மெய்யும்: ஓர் ஆய்வு

ஒரு விசைப்பலகையை இரண்டாக்க அறியப்பட்ட வழிகள் இரண்டு. கோபத்தில் ஓங்கி அடிப்பது ஒன்று. தன் கைக்கு அளவெடுத்து, இரு பாதியாகவே செய்துகொள்வது மற்றொன்று. இக்கட்டுரை பின்னதைப் பற்றியது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மணிக்கட்டுகள் இரண்டு. இரண்டும் கட்டுரையாளருடையவை, இரண்டும் வலிப்பவை.

வழக்கமான பலகையில் இரு கைகளும் நெஞ்சுக்கு நேரே வந்து கூட வேண்டும். அதனால் மணிக்கட்டு வெளிப்புறமாக மடங்குகிறது. பலகையைப் பிளந்துவிடலாம் என்று ஜெர்மனியில் க்ளோக்கன்பெர்க் 1926-லேயே சொன்னார். கேட்பாரில்லை. 1994-இல் வந்த மைக்ரோசாஃப்ட் நேச்சுரல் பலகைகூட நடுவே வகிடெடுத்துக்கொண்டதே தவிர, பிரியவில்லை. விசைகள் வரிசைக்கு வரிசை சற்று விலகி நிற்பதும் நம் விரலுக்காக அன்று, பழைய தட்டச்சுப்பொறியின் நெம்புகோல்களுக்காக. நெம்புகோல் போய்விட்டது, விலகல் போகவில்லை. கட்டைவிரலின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு இடைவெளிக் கட்டை! துரோணர் அறிந்திருந்த கட்டைவிரலின் அருமையைத் தட்டச்சுப்பொறி செய்தோர் அறிந்திலர் என்க.

ஆகவே தாளில் கையை விரித்து வைத்து, விரல்நுனிகளைப் பென்சிலால் குறித்தேன். நடுவிரல் மேலே நின்றது, சுண்டுவிரல் வெகு கீழே கிடந்தது. விசைகளையும் அப்படியே ஏற்றி இறக்கினேன். கைக்கு 21, ஆக மொத்தம் 42. அவற்றுள் கட்டைவிரல்களுக்கு மும்மூன்று. விசைக்கு ஒரு டயோடு வீதம் 42 டயோடுகளைச் சால்டர் செய்தேன். டயோடுக்குத் திசை உண்டு. கறுப்புக் கோடு எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும். பார்த்துத்தான் வைத்தேன், ஒன்றைத் தவிர. அது ழ-வினுடையது. ‘மழை’ என்று அடித்தால் ‘மை’ வந்தது. ‘தழை’, ‘தை’ ஆயிற்று. பழம் பம்மிற்று. சிறப்பு ழகரத்தை உச்சரிக்கத் தெரியாதவர்களை இனிக் குறை சொல்வதில்லை என்று அன்றிரவு முடிவெடுத்தேன். அவர்களுக்கும் உள்ளே ஏதேனும் டயோடு திரும்பியிருக்கலாம்.

இனி நம் கருதுகோள். சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 அமைப்பில், 12 உயிரும் இடக்கைக்கு. மெய்வரிசையில் 16 வலக்கைக்கு. எனவே ஆங்கிலேயன் பலகையைப் பிளந்தால் பிளாஸ்டிக்தான் பிரியும். தமிழன் பிளந்தால் உயிர் வேறு, மெய் வேறு ஆகிவிடும். நடுவே ஓடும் ஒரு கம்பியே இரண்டையும் கூட்டி உயிர்மெய் ஆக்குகிறது. உடம்பையும் உயிரையும் பற்றிச் சித்தர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கம்பியின் நீளத்தை யாரும் சொல்லவில்லை. என் மேசைக்கு ஒரு முழம் போதும். இடையில் காபி டம்ளர் வைக்கலாம்.

வகரமும் ஙகரமும் மெய்யாயிருந்தும் இடப்பக்கம் உள்ளனவே என்று மறுப்பாரும் உளர். அதன் பயன் ஒருநாள் விளங்கிற்று. கம்பி கழன்று, கணினியோடு இணைந்த இடப்பாதி மட்டும் இயங்கியது. ஆ, ஈ, ஓ என்று தொட்டில் குழந்தை போல் எழுதிக்கொண்டிருந்தேன். வகரம் கைகொடுத்தது: ‘ஔவை’ என்று முழுப்பெயர் வந்தது. ஒற்றைக்கையால் எழுத முடிந்த ஒரே புலவர் அவர்தாம்.

மேசையைப் பார்த்த என் மனைவி, “உடைஞ்சதைத் தூக்கிப் போடாம ஏங்க வெச்சிருக்கீங்க?” என்றார். இவ்வினாவுக்கு ஆய்வுலகில் இதுவரை விடையில்லை.

தீராத சிக்கல் ஒன்று உண்டு. வழக்கமான பலகையில் ச-வுக்கு அடுத்து, வலக்கோடியில் ஏழாவதாக இருப்பது ஞ. என் பலகையில் நிரைக்கு ஆறே விசை. கட்டைவிரலால் ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ப-வைத் தட்டினால் ஞ வரும்படி செய்து வைத்தேன். ஆனால் அந்த ஏற்பாடு எனக்கு மறந்துவிடுகிறது. ‘ஞாபகம்’ என்று அடிக்கப் போகும்போதெல்லாம் ஞாபகம் வருவதில்லை. ‘நினைவு’ என்று அடித்துச் சமாளிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் மாற்றில்லை. 42 விசைக்குள் ஞகரத்துக்கு நல்ல இடம் அறிந்தோர் தெரிவிக்க வேண்டுகிறேன், சனிக்கிழமைக்குள்.