ஆர்.பி.எம். கனவான்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றும் அளவெடுப்பதிலிருந்து ஓய்வு பெறாத கனவான் ஒருவர், ஆதம்பாக்கம் என்.ஜி.ஓ. காலனிப் பக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது இருக்கத்தான் செய்கிறார். வீட்டில் யாருக்கேனும் ஜுரம் கண்டால் ஜுரத்தைவிடத் தெர்மாமீட்டரின் யோக்கியதையைப் பற்றியே அதிகமாக விசாரப்படுபவர் அவர். காரியத்தில் அவருக்குள்ள சிரத்தை சொற்பம்; காரியத்துக்கான உபகரணத்தைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள சிரத்தையோ அளவிறந்தது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் கரையேறி, ஆயிரக்கணக்கான மரங்களைச் சாலைகளில் கிடத்திவிட்டுப் போனபின், மரம் அறுக்கும் மெஷின்களின் ஓசை தெருத்தெருவாகக் கேட்டதே, அந்நாட்களில்தான் இக்கனவானின் உள்ளத்தில் செயின்சா மோகம் உற்பத்தியாயிற்று. அவர் கொல்லையில் இருந்தது ஒரே ஒரு முருங்கை. அதுவும் புயலன்றே சாய்ந்து, வீட்டு அம்மாளின் அரிவாளுக்கு இரையாகி முடிந்திருந்தது. ஆயினும் மெஷின் வந்தது. வந்தபின் அதை ட்யூன் செய்யாமல் இருக்கலாமா?

இந்த இடத்தில் அவரைப் பரிகாசம் செய்வது நியாயமல்ல. செயின்சாவின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய் தனியே ஊற்றுவதில்லை. லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி என்று பெட்ரோலிலேயே கலந்து விடுகிறார்கள். கார்புரேட்டரின் ‘ஹெச்’ திருகை இறுக்கினால் பெட்ரோல் குறைகிறது, வேகம் ஏறுகிறது, கூடவே எண்ணெயும் குறைந்து பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்கிறது. நிமிஷத்துக்குப் பதின்மூவாயிரம் சுற்று சுற்றும் வஸ்துவைக் காதால் எண்ண இயலாது. ஆகவே டேக்கோமீட்டர் வேண்டும் என்று அவர் வாதித்தபோது, எதிர்வாதம் செய்ய என்னிடம் சரக்கில்லை.

ரிச்சி தெருவில் முதலில் வாங்கியது ஒளியால் அளக்கும் தினுசு. சுழலும் பாகத்தில் பளபளப்புப் பட்டை ஒட்டி, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சி அளக்க வேண்டும். செயின்சாவிலோ சுழலும் பாகங்கள் யாவும் கோஷா ஸ்திரீகளைப் போல் மூடிக்குள் இருப்பவை. வாங்கிய மீட்டரைச் சும்மா வைத்திருக்க மனம் வராமல், கூடத்திலிருந்த பழைய சோக்கு போட்ட ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். 6000 என்று காட்டிற்று. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு நூறு தரம் துடிக்கிற விளக்கு நிமிஷத்துக்கு ஆறாயிரம் தரம் துடிப்பதே முறை என்று கணக்கிட்டு, மின்வாரியத்துக்கு அன்று நற்சாட்சிப் பத்திரம் வழங்கினார்.

அடுத்தது, பிளக் ஒயரின்மேல் கம்பியைச் சுற்றி, நெருப்புப் பொறிகளை எண்ணும் தினுசு. இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்று அதில் அமைத்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. சுற்றுக்கொரு பொறி விடும் டூ-ஸ்ட்ரோக்கில் அது இருபத்தாறாயிரம் என்று காட்ட, மெஷின் வெடித்துவிடும் என்று அம்மாளையும் பேரக்குழந்தைகளையும் மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார். வேறொன்று 9,999-க்குமேல் எண்ணத் தெரியாதது. கடைசியில் 20,000 வரை எண்ணுவதும், விநாடிக்குள் இலக்கம் மாற்றுவதுமான ஒன்று கிடைத்த நாளில், வீட்டில் கேசரி கிண்டினார்கள் என்று கேள்வி.

விதி வேறு ரூபத்தில் காத்திருந்தது. அவருடைய மெஷினின் இக்னிஷன் காயில், வேகம் 13,500-ஐ எட்டியதும் பொறியைத் தானே நிறுத்தி வைக்கும் ஜாதி. ஆகையால் திருகை எவ்வளவு இறுக்கினாலும் மீட்டர் அந்த இலக்கத்தைத் தாண்டவில்லை. “என்ன ஸ்திரபுத்தி!” என்று மெச்சியபடி அவர் மேலும் இறுக்கிக்கொண்டிருக்கையில், தெருவோடு போன டூவீலர் மெக்கானிக் பையன் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு உள்ளே ஓடிவந்தான்.

“சார், சார், விட்டுடுங்க! லீனா ஓடுது, பிஸ்டன் புடிச்சிக்கும்!”

ஸ்குரூ டிரைவரை வாங்கித் திருகைச் சற்றே தளர்த்தினான். வீறிட்டுக்கொண்டிருந்த சத்தம் லேசாகக் கரகரத்தது. “சும்மா ஓடறப்போ இப்படித்தான் சார் கரகரன்னு இருக்கணும். கட்டையில வெச்சா தானா தெளிஞ்சிடும்” என்றான். மீட்டரை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை.

கனவான் பார்த்தார். 13,000 என்றிருந்தது.

“எல்லாம் சரி, ஐந்நூறு குறைஞ்சுபோச்சேப்பா!” என்றார், தொண்டை கம்ம.